ஒன்றுக்கு இரண்டு கையெழுத்து

என்னை ஏமாற்ற இந்த உலகத்தில் ஒருத்தன் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அவன் என் கடைப்பக்கம் வரவில்லை.

பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட முதுகில் பீரோ சுமந்து படித்தது அதிகம். மேஜையை ஒரு தட்டுத் தட்டினால் போதும், நிஜத் தேக்கா, சாயம் பூசின பலகையா என்று சொல்லிவிடுவேன். மூன்று முறை படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். எழுத்தில் இல்லாத பேச்சை மதிக்க மாட்டேன். இந்த இரண்டு விதிகள்தான் என்னை முதலாளி ஆக்கின. என் மனைவியை எதுவும் முதலாளி ஆக்கவில்லை. அவள் கல்யாணமான அன்றே ஆகிவிட்டாள்.

அப்படிப்பட்ட நான் போன மாதம் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். வீட்டு முன்னறையை மியூசியம் ஆக்குவது!

அந்த அறையில் இப்போது விற்காத நாற்காலிகள் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கின்றன. என் மனைவிக்கும் அதன்மேல் மூன்று வருஷமாக ஒரு கண். அவள் தையல்காரி. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள சந்தில் மிஷினைப் போட்டுத் தைக்கிறாள். நான் குளிக்கப் போனால் நாலு கவுன்களை விலக்கிக்கொண்டு, ஐந்தாவதை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் போவேன். முன்னறையில் தையல் வகுப்பு நடத்த வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நகராட்சியில் அனுமதி கேட்டால், வீட்டுச் சொந்தக்காரர் சம்மதக் கடிதம் வேண்டும் என்கிறார்களாம். வீடு என் பேரில். மூன்று வருஷமாக அவள் அந்தத் தாளை நீட்டுகிறாள். நான் மூன்று முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன்.

மியூசியத்துக்கு முதல் பொருளாக, ‘பல்லி’ கையெழுத்துப் போட்ட படத்தைப் பிடித்தேன். பல்லி என்பது என் சின்ன வயசில் கொடிகட்டிப் பறந்த கோல்கீப்பரின் பட்டப்பெயர். பந்து அவர் கையில் ஒட்டினால் ஒட்டினதுதான். இணையத்தில் ஒருத்தன் படத்தை விலைக்குப் போட்டிருந்தான். போன் போட்டேன்.

"என்னப்பா, படத்தோட விலையா, பல்லியோட விலையா?"

"ஒரிஜினல் சார். அவரே பேனா பிடிச்சுப் போட்டது."

"பாதி விலைக்குக் குடு."

"கட்டுப்படியாகாது சார்."

"அப்ப ஒண்ணு வாங்கினா இன்னொண்ணு சும்மா குடு."

"எடுத்துக்கங்க சார்."

மூச்சு விடுவதற்குள் படிந்துவிட்டான். என் திறமை அப்படி. அத்தோடு விடுவேனா?

"ஓசின்னு மட்டமானதைத் தள்ளி விடக் கூடாது. முதல் கையெழுத்து எப்படியோ, ரெண்டாவதும் அப்படியே இருக்கணும். ஒரு புள்ளி குறைஞ்சாலும் திருப்பி அனுப்பிடுவேன்!"

"கவலையே படாதீங்க சார். அச்சு அசலா அப்படியே இருக்கும்."

சொன்ன சொல் தவறாதவன். அப்படியேதான் இருந்தது.

பார்சல் வந்ததும் சந்துக்கு ஓடினேன்.

"பாத்தியா! ஒண்ணு காசுக்கு, ஒண்ணு ஓசி! சுவத்துல மாட்டப் போறேன்."

அவள் மிஷினை நிறுத்தவில்லை. "சுவத்துலதான் ஏற்கெனவே நாலு பல்லி இருக்கே."

"அதுங்க கையெழுத்துப் போடுமா?"

"இவர் போட்டார்னு யார் சொன்னா?"

"இந்தா, சான்றிதழ்!"

மிஷின் நின்றது. வாங்கிப் பார்த்தாள். "இது வித்தவன் எழுதினது. அவன் சரக்கை அவனே நல்லதுன்னு சொல்லிக்கறான்."

"அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்லீங்க. கல்யாணத்துக்கு முன்னால நீங்களும் உங்களைப் பத்தி அப்படித்தான் சொன்னீங்க. நானும் நம்பினேன்."

எனக்கு உச்சி சூடேறிவிட்டது.

"இது போலின்னு மட்டும் நீ நிரூபிச்சிடு. முன்னறை உனக்கு! போதுமா?"

அவள் துணியின் அளவு பார்ப்பதுபோல இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் கண்ணாடியில் அழுத்தினாள். பின்னால் சுள்ளென்று வெயில். இரண்டு கையெழுத்து இருந்த இடத்தில் ஒன்றுதான் தெரிந்தது. வளைவின்மேல் வளைவு. புள்ளியின்மேல் புள்ளி.

"அடடா, என்ன நேர்த்தி!" என்றேன்.

"மனுஷன் கை ரெண்டு தடவை போட்டா இப்படி மயிரிழை மாறாம வருமா? இது மிஷின் போட்டதுங்க."

"பெரிய மனுஷங்க கையெழுத்து அப்படித்தான் இருக்கும். என்னோடதே நூறு தடவை போட்டாலும் மாறாது!"

"நூறெல்லாம் வேணாம். பத்து போடுங்க."

உள்ளே போய் ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். அடிப்பக்கம் மட்டும் தெரியும்படி, படிக்கட்டு மாதிரி அடுக்கியிருந்தாள். காற்றில் பறக்காமல் இருக்க, மேலே ஒரு துணியைப் பரப்பி, தன் பெரிய கத்திரியைப் பாரமாக வைத்தாள். நான் பேனாவை உருவினேன். சரசரவென்று பத்து! பத்தாவது தாள் கொஞ்சம் மொடமொடப்பாக இருந்ததை விரல் சொன்னது. கோபம் கேட்கவிடவில்லை.

முதல் இரண்டை உருவி ஜன்னலில் வைத்தாள். ஒன்றுக்கு வால் நீண்டிருந்தது. ஒன்றுக்குச் சுருண்டிருந்தது. மூன்றாவதில் ஒரு எழுத்தையே காணோம். ஐந்தாவதைப் போட்டது யார் என்று எனக்கே சந்தேகம்.

"சரி," என்றேன். "போலிதான்." ஒரே மாதிரி வேண்டும் என்று அதட்டிக் கேட்டு வாங்கியதே நான்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

"அப்ப முன்னறை எனக்கு."

எனக்குள் இருந்த வியாபாரி சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "நான் வாயால சொன்னேன். எழுத்துல இருக்கா?"

"இருக்கே."

கத்திரியைத் தூக்கி, துணியை விலக்கி, அடியில் இருந்த பத்தாவது தாளை உருவி நீட்டினாள். மேலே கொட்டை எழுத்தில் ‘வீட்டுச் சொந்தக்காரர் சம்மதக் கடிதம்’. கீழே என் பேர்.

மூன்று முறை படித்தேன். பழக்கதோஷம்.

"செல்லாது! இது போலி! படிக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு ஊருக்கே தெரியும்!"

"அப்படியா?" மீதி ஒன்பது தாள்களையும் என் கையில் திணித்தாள். "ஜன்னல் அங்கதான் இருக்கு. நீங்களே வெச்சுப் பாருங்க. ஒண்ணோடயாவது பொருந்தினா கிழிச்சுப் போட்டுடறேன்."

ஒன்பதோடும் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் மூக்கு ஒட்டும்வரை பார்த்தேன்.

ஒன்றோடும் பொருந்தவில்லை, சுத்தமான ஒரிஜினல்.