அலசல் மாமா போன் பார்த்த கதை

உலகத்தில் போன் விற்கிறவர்கள் ஓர் இனம், போன் வாங்குகிறவர்கள் ஓர் இனம். இரண்டுக்கும் நடுவே, கடை வாசலில் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு மூன்றாவதாக ஓர் இனம் நிற்கிறது. அது போன் வாங்கவிடாத இனம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் உங்கள் போனைக் கீழே போட்டு உடைத்துப் பாருங்கள். கண்ணாடி நொறுங்கிய சத்தம் அடங்குவதற்குள் ஒருவர் வந்து தோளில் கைவைத்து, "அவசரப்பட்டு எதையும் வாங்கிடாதீங்க, நான் பார்த்துச் சொல்றேன்" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு உங்களுக்குப் போன் கிடையாது.

இந்த இனத்தாரை அடையாளம் காண்பது சுலபம். எந்தப் போனைக் காட்டினாலும் "நல்ல போன்தான்" என்று ஆரம்பித்து, "ஆனா" என்று ஒரு கணம் நிறுத்தி, அந்தக் கணத்தில் உங்கள் முகம் சுருங்குவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, இருட்டில் இதன் கேமரா புள்ளி புள்ளியாக எடுக்கும் என்பதையும், அடுத்த வருடமே பேட்டரி உப்பும் என்பதையும், இதே கம்பெனி அடுத்த மாதம் இதைவிட ஒல்லியாக, இதைவிடச் சல்லிசாக ஒன்றை இறக்கப் போகிறது என்பதையும் மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பார்கள். அடுத்த மாதம் போய்க் கேட்டால்? அதற்கும் ஓர் அடுத்த மாதம் இருக்கிறது. இன்னோர் அடையாளமும் உண்டு. ஊருக்கெல்லாம் போன் பார்த்துச் சொல்கிறவரின் சொந்தப் போன், பின்மூடி கழன்று, ரப்பர் பேண்டால் கட்டப்பட்டிருக்கும். ஏன் என்று கேட்காதீர்கள். அவர் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அலசல் மாமா இந்த இனத்தில் முதல் தரம். இன்சூரன்ஸ் ஆபீசில், நடந்துவிட்ட விபத்து எப்படி நடந்திருக்கவே முடியாது என்று எழுதி அனுப்புகிற பிரிவில் அவருக்கு வேலை. பெயர் வைத்தது அவருடைய அக்கா மகள். சின்ன வயதில் அவள் ஒரு பென்சில் பெட்டி கேட்க, மாமா பிளாஸ்டிக்கா தகரமா என்று அலசி முடிப்பதற்குள் அவள் பேனாவில் எழுதுகிற வகுப்புக்குப் போய்விட்டாள். பெயரைக் கேட்டு மாமா கோபித்துக்கொள்ளவில்லை. ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி சந்தோஷப்பட்டார். அவர் வீட்டுக்கு வாஷிங் மெஷின் இன்னும் வந்தபாடில்லை. மேல்பக்கம் திறப்பதா, முன்பக்கம் திறப்பதா என்பதிலேயே வண்டி நிற்கிறது.

"என்னைக் கட்டிக்க மட்டும் எப்படிச் சட்டுனு சரின்னு சொன்னீங்க?" என்று அவர் மனைவி, வாளியில் துணியைக் கும்மிக்கொண்டே ஒருநாள் கேட்டாள்.

"அப்ப ஏது இன்டர்நெட்டு?" என்றார் மாமா, வெகு நேர்மையாக.

இப்படிப்பட்டவரிடம் அக்கா வந்து மாட்டினாள். அக்கா தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிட்டும் இளைத்தவர்களுக்குப் பிடித்துக்கொடுத்தும் பிழைக்கிறாள். அவளுடைய போன் ஒருநாள் மடியிலிருந்து நழுவி, சாயம் போகிறதா என்று பார்க்கத் துணி ஊறவைத்த வாளியில் விழுந்தது. துணிக்குச் சாயம் போகவில்லை. போனுக்கு உயிர் போய்விட்டது.

அக்காவுக்கு ஊரோடு பேசுகிற பழக்கமெல்லாம் கிடையாது. அவள் போன் வைத்திருந்ததே ஒரே ஒரு அழைப்புக்காக. போன வருடம் மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது பேச்சு தடித்து, அக்கா ஆத்திரத்தில், "போறதுன்னா போ, திரும்பி வராதே" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயை அன்றைக்கே கடித்துக்கொண்டாள், என்ன பிரயோஜனம்? மகளும் அதே ரத்தம்தானே. "எனக்கா தோணும்போது கூப்பிடுறேன்" என்று கிளம்பியவள் தன் பழைய நம்பரையும் விட்டுவிட்டாள். எந்தத் தெரு, எந்த வீடு, ஒன்றும் தெரியாது. அக்காவின் நம்பர் மட்டும் மகளுக்கு மனப்பாடம். அந்த நம்பரைத்தான் அக்கா ஒரு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அழும்போதுகூட ஒரு காது போன் பக்கமே இருக்கும்.

மாமாவும் அக்காவும் கடைக்குப் போனார்கள். "என்ன மாதிரி பார்க்கறீங்கம்மா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"அடிச்சா காதுல விழணும். எடுத்தா பேசணும். வேற ஒண்ணும் வேணாம்."

அந்தப் பெண் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். விலை கைக்கு அடக்கம், எழுத்து பெரிது, மணியடித்தால் அடுத்த கடைக்குக் கேட்கும். அக்கா பர்ஸைத் திறந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

"இதுல ராம் எவ்வளவு?" என்றார் மாமா.

"அவங்க உபயோகத்துக்கு இது தாராளம் சார்."

"நல்ல போன்தான். ஆனா..." என்று மாமா ஆரம்பிக்க, அந்தப் பெண் பேச்சை மாற்ற நினைத்து, "பிளான் என்ன போடட்டும்? மாசாமாசம் போடறதா, வருஷத்துக்குச் சேர்த்தா? நெட்டு நிறைய பார்ப்பாங்களா?" என்று கேட்டுவிட்டாள். பாவம், நல்லெண்ணத்தில் கேட்டாள். மாமாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அக்கா, நீ ஒரு மாசத்துக்கு எவ்வளவு பேசுவே?"

"எனக்கு என்னடா தெரியும்? கொஞ்சம் பேசுவேன்."

"கொஞ்சம்னா எவ்வளவு கொஞ்சம்? பாரு, அதுவே தெரியாம பிளான் போடறது, அளவெடுக்காம ஜாக்கெட் தைக்கிற மாதிரி. நீ லைட் யூசர் அக்கா. ஊரை ஏமாத்தறதே லைட் யூசரை வச்சுத்தான். பேசாத பேச்சுக்கும் பார்க்காத படத்துக்கும் பணம் கட்டுற ஜாதி நீங்க. உன் சிம்மைக் குடு. ஒரு மாசம் நான் வச்சு அளந்து பார்க்கறேன். அப்புறம் உனக்குன்னே தெச்ச மாதிரி ஒரு பிளான், அதுக்குப் பொருத்தமா ஒரு போன்."

அக்கா தயங்கினாள். "அதுக்குள்ள அவ கூப்பிட்டா?"

"சிம்மு என்கிட்டதானே இருக்கு? அவ கூப்பிட்ட அடுத்த நிமிஷம் உன் வாசல்ல நிப்பேன். தம்பி மேல நம்பிக்கை இல்லையா?"

தம்பி மேல் நம்பிக்கை இல்லை என்று எந்த அக்கா கடையில் வைத்துச் சொல்லுவாள்? சிம் கைமாறியது. மாமா அதை ஆபீஸ் மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு பழைய போனில் போட்டார். மானேஜருக்குக் கேட்காமலிருக்க மணியை அணைத்தார். அவ்வப்போது இழுப்பறையைத் திறந்து பார்த்து, ஆய்வாளர்களுக்கே உரிய முறையில் "ம்" என்றார்.

ஒரு மாதம் கழிந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா சலவைச் சட்டையோடு அக்கா வீட்டுக்குப் போனார். கூடவே மனைவியும் போனாள். அக்கா மெஷினில் யாருடைய கால்சட்டைக்கோ அடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு வந்தாச்சு அக்கா. நானே அசந்துட்டேன். நீ பேசினது பூஜ்யம். அனுப்பின மெசேஜ் பூஜ்யம். நெட்டு சுத்தமா பூஜ்யம். உன்னை மாதிரி லைட் யூசரை நான் பார்த்ததே இல்லை. உனக்குப் பிளானே தேவையில்லை. சொல்லப்போனா, போனே தேவையில்லை."

அக்கா மெஷினை நிறுத்தினாள். மாமாவின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"சிம்மு எங்கடா இருந்துச்சு?"

"என் டிராயர்லதான். பத்திரமா."

"நான் எங்க இருந்தேன்?"

"இங்க."

"சட்டையை மட்டும் நீ எடுத்துட்டுப் போயிட்டே. ஆளை இங்க உக்கார வச்சுட்டே. வெறும் சட்டைக்கு டேப்பைச் சுத்திப் பார்த்துட்டு, உள்ள ஆளே இல்லை, ரொம்ப ஒல்லின்னு சொல்றியே, நீயெல்லாம் எப்படிடா ஆபீஸ்ல வேலை பார்க்கறே?"

வேறு யாராக இருந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். இந்த இனத்துக்கு அந்த வசதி கிடையாது. மாமா அடுத்த சாதனைக்குத் தாவினார்.

"அதை விடு. உனக்கு ஒரு பெரிய தொல்லையைத் தீர்த்து வச்சிருக்கேன், தெரியுமா? ஏதோ ஒரு புது நம்பர். லோன் குடுக்கறவன் போல. காலைல அடிக்கிறான், மத்தியானம் அடிக்கிறான், விளக்கு வச்சப்புறம் அடிக்கிறான். இப்படி விடாம அடிக்கிறவனை நான் கண்டதில்லை. பிளாக் பண்ணிட்டேன்."

கால்சட்டை அக்காவின் கையிலிருந்து நழுவியது. "குரல் எப்படி இருந்துச்சு?"

"எடுத்தாத்தானே குரலு? எடுத்தா அளவு கெட்டுப்போகும்ல. உன் பொண்ணு பேரு வந்தா எடுக்கணும்னுதான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன். பேரு வரவே..."

அந்த இடத்தில் மாமாவின் வாய் தானாக நின்றது. பழைய நம்பரை விட்டுவிட்டவளின் பெயர் எப்படி வரும்? அவர் வாழ்க்கையிலேயே ஒரு விஷயத்தை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டது இதுதான் முதல் தடவை. ரப்பர் பேண்டு போட்ட போனை எடுத்து, ஆய்வுக் குறிப்பில் எழுதி வைத்திருந்த அந்த நம்பரை அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது ஓர் இனிமையான குரல். மறுபடி அடித்தார். அதே இனிமை. அக்கா கீழே விழுந்த கால்சட்டையை எடுத்து, தூசி தட்டி, மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி என்று நம்பிக் கொடுத்தாளே என்று மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எந்தப் போனா இருந்தாலும் சரி, இப்பவே வாங்கிட்டு வந்து சிம்மைப் போட்டுடறேன்" என்று எழுந்தார். அவர் மனைவி அசந்துபோனாள். எந்தப் போனாக இருந்தாலும் சரி! மாமா ஓடினார். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். அதே கடை, அதே பெண், அதே போன்.

"குடும்மா. ஒண்ணும் கேட்கமாட்டேன். பில் போடு."

அந்தப் பெண் ஒரு தப்பு செய்தாள். "கறுப்பா சார், நீலமா?" என்றாள்.

மாமா நின்றார். கறுப்பு அழுக்கைக் காட்டாது. ஆனால் அக்காவின் மெஷின் கறுப்பு, மேலே வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. நீலம் தெரியும். ஆனால் நீலம் வெளுக்குமா? "இதுல சாம்பல் கலர் எப்ப வரும்?" என்று அவர் கேட்ட நேரத்தில் கடையில் வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிருந்தது.

அவர் வெறுங்கையோடு, இரண்டு கலருக்கும் தனித்தனியாக எடுத்த படங்களோடு திரும்பி வந்தபோது, அக்கா வீட்டு வாசலில் ஒரு பயணப்பை கிடந்தது. உள்ளே, தையல் நாற்காலியில் அவருக்குப் பெயர் வைத்தவள் உட்கார்ந்திருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். இருவரும் ஒரு பாட்டம் அழுது முடித்து, அடுத்த பாட்டத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல ரிங் போச்சும்மா, நீ எடுக்கல. அப்புறம் அடிச்ச உடனே கட்டாச்சு. நீ வேணும்னே கட் பண்றேன்னு நினைச்சேன். நீ என்னிக்கு அப்படிப் பண்ணியிருக்கே? அப்புறம்தான் பயம் வந்துடுச்சு. உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு கிடைச்ச பஸ்ஸைப் பிடிச்சு ஏறிட்டேன். வழியில போன்ல சார்ஜும் போயிடுச்சு."

வாசற்படியில் நின்ற மாமாவுக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. ஒரு வருடம் கழித்துப் பார்க்கிற அக்கா மகளிடம் முதல் வார்த்தையாகக் கேட்டார்:

"பாதி வழியிலேயே சார்ஜ் போச்சா? என்ன மாடல் வச்சிருக்கே?"

அன்று அக்கா வீட்டில் எறியப்பட்டது நூல்கண்டு மட்டும்தான். கத்தரிக்கோலை மாமாவின் மனைவி முன்யோசனையாக எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். ஆனால் மாமா குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள். மறுநாள் ஆபீசில் பக்கத்து மேசைக்காரரிடம் அவர் இந்தக் கதையைச் சொன்ன விதமே வேறு. "அன்னிக்கே அவசரப்பட்டுப் போன் வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? போன்லயே ரெண்டு வார்த்தை பேசிட்டு அவ அங்கயே இருந்திருப்பா. இப்ப பாருங்க, ஆளே நேர்ல வந்தாச்சு. அதான் சொல்றேன், எதையும் ஆற அமர அலசணும்." பக்கத்து மேசைக்காரர் தலையாட்டினார். அவருக்கும் மாமாதான் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் அப்படித் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவும் மகளும் கடைக்குப் போய், ஒரு போனும் ஒரு பிளானும் வாங்கிக்கொண்டு, வழியில் தேநீரும் குடித்துவிட்டு வீடு திரும்பிவிட்டார்கள்.

எந்தப் போன், எந்தப் பிளான் என்றுதானே கேட்க வாயெடுத்தீர்கள்? தாயும் மகளும் ஒரு வருடம் கழித்துக் கட்டிக்கொண்டு அழுத இடத்தைத் தாண்டி ஓடிவந்து, கடைசியில் மாடல் பேராவது இருக்கும் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்? பரவாயில்லை, வெட்கப்படாதீர்கள். சட்டைப்பையில் இருக்கிற உங்கள் போனை ஒரு தடவை தடவிப் பாருங்கள். விரலில் ரப்பர் பேண்டு இடறுகிறதா?