மாலக்கியின் நாற்பத்தொன்பது மாடல்

"அடுத்தவன் வண்டியில போல்ட்டு மாறியிருக்குன்னு சொல்ல வந்துட்டாரு! முதல்ல உன் வண்டி இன்ஜினைப் போய்ப் பாருய்யா!"

பழைய டிராக்டர் சங்கத்துக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் ஃபின்டன் இப்படிக் கத்தியதும் மாலக்கிக்கு முகம் காது மடல்வரை சிவந்துவிட்டது. கத்தின கையோடு ஃபின்டன் வாயைப் பொத்திக்கொண்டு, தொப்பியைத் தேடி எடுத்து வெளியே போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அயர்லாந்தின் லீட்ரிம் பக்கத்தில் மாலக்கிக்கு அஞ்சாத டிராக்டர்காரன் கிடையாது. சங்கத்தின் டிராக்டர் ஊர்வலத்துக்கு வரும் வண்டிகளைச் சோதிப்பவர் அவர்தான். விளக்கு பிற்காலத்தது, விசிறி பெல்ட் வேறு வண்டியினுடையது, போல்ட்டின் தலை தப்பு என்று எதையாவது கண்டுபிடித்து, "இது அசல் இல்ல, ஓரமா நிறுத்து" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஃபின்டனுக்கும் அன்று அதுதான் கிடைத்திருந்தது.

அவருடைய சொந்த வண்டியை மட்டும் எவனும் சோதித்ததில்லை. அவர் அப்பா புதிதாக வாங்கிய சாம்பல் நிற ஃபெர்கூசன் டிராக்டர். ஸ்டீயரிங்குக்குக் கீழே பதித்திருக்கும் தகட்டின் எண்ணைப் பார்த்தாலே தெரியும், நாற்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி என்று. ஆகஸ்ட் ஊர்வலத்தில், இருப்பதிலேயே பழைய, கைபடாத வண்டிதான் முன்னால் போகும். அப்பா போன பிறகு அந்த முதல் இடம் மாலக்கிக்குத்தான். அப்பா அன்பாக ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. ஆனால் மகனை மட்கார்டில் உட்காரவைத்து வயலெல்லாம் சுற்றியவர். அந்த இருக்கையில் ஏறினால்தான் மாலக்கிக்கு அப்பா பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். அதைப் போய் ஒருவன் போலி என்றால் கோபம் வராதா பின்னே?

வீட்டு வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "ப்ரீஜ்! கம்பி பிரஷ் எங்கே?"

மனைவி ப்ரீஜ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்கு?"

"இன்ஜின் இரும்புலயே வார்த்த தேதி எழும்பியிருக்கும். மேல இருக்கிற பெயின்ட்டைச் சுரண்டி, தேதியை ஊருக்கே காட்டி, அந்தப் பய மூஞ்சியில கரியைப் பூசப்போறேன்."

ப்ரீஜ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வேணாம் மனுஷா. அவன் ஏதோ ஆத்திரத்துல உளறிட்டான். டீ ஆறுது, வா."

"இத்தனை வருஷத்துல நான் இதைச் சுரண்டிப் பார்த்ததே இல்ல, தெரியுமா? பெத்த தாய்கிட்ட எவனாவது அடையாள அட்டை கேட்பானா?"

"அப்ப இப்பவும் கேக்காத."

மாலக்கி கேட்டால்தானே? சுரண்டினார். இரும்பில் எழும்பி நின்றது ஐம்பத்திரண்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் ஐம்பத்திரண்டுதான்.

"அப்பா இன்ஜினை மாத்தியிருப்பாரு" என்றார், சத்தம் கொஞ்சம் இறங்கி. "அவ்வளவுதான். மத்ததெல்லாம் அசல்னு காட்டிட்டா எவன் வாயைத் திறப்பான்?"

கியர் பெட்டியைச் சுரண்டினார். ஐம்பத்திரண்டு. பின் அச்சைச் சுரண்டினார். அதுவும் ஐம்பத்திரண்டு. இப்போது வண்டியில் மூன்று இடத்தில் பெயின்ட் போய், சொறி பிடித்த மாடு மாதிரி நின்றது.

"தொழிற்சாலையில அடிச்ச பெயின்ட் போனா போனதுதான்னு நீதானே ஊரெல்லாம் சொல்லுவே?" என்றாள் ப்ரீஜ்.

"வாயை மூடு!"

கடைக்குப் போய் சாம்பல் நிறப் பெயின்ட் வாங்கிவந்து மூன்று இடத்திலும் பூசினார். காய்ந்ததும் பார்த்தால் நிறம் ஒட்டவே இல்லை. பழையது மங்கல், புதியது பளபளப்பு. கடைக்காரனைத் திட்டினார், தூறிக்கொண்டிருந்த மழையைத் திட்டினார், கடைசியில் நிறம் ஒன்றாக இருக்கட்டும் என்று வண்டி முழுவதற்கும் அடித்துவிட்டார். அப்பா காலத்துப் பெயின்ட்டில் ஒரு விரல்கடைகூட மிச்சமில்லை. நேற்றுக் கடையிலிருந்து இறக்கிய ஃப்ரிட்ஜ் மாதிரி மின்னியது.

அந்த நேரம் பார்த்து ஃபின்டன் கேட்டருகே வந்து நின்றான். தொப்பி கையில் இருந்தது.

"மாலக்கி, அன்னிக்கு நான் கோபத்துல சொன்னது. மறந்துடு. வண்டியை அப்படியே விட்டு..." பேசிக்கொண்டே வந்தவன் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "ஐயோ, ஏன்யா பெயின்ட் அடிச்சே?"

"என் வண்டி, அடிப்பேன். உனக்கு எங்க வலிக்குது?"

ஃபின்டன் சாவு வீட்டுக்கு வந்தவன்போல அந்த வண்டியையே பார்த்தான். மாலக்கிக்கு அதைப் பார்க்க ஒரே குஷி. பொறாமையில் வயிறு எரிகிறது பயலுக்கு!

"இங்க வா, இதைப் பாரு" என்று மட்கார்டில் இருந்த பள்ளத்தைத் தட்டிக் காட்டினார். "வண்டி கிளம்பலேன்னு எங்கப்பா பூட்ஸ் காலால உதைச்சது. இதுகூடப் போலின்னு சொல்லுவியா?"

ஃபின்டன் பள்ளத்தைப் பார்த்தான். ப்ரீஜைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"பாத்தியா? வாயில கொழுக்கட்டை!" என்றார் மாலக்கி. வீரம் தலைக்கேறிவிட்டது. அன்றைக்கே லாங்ஃபோர்டில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஆளுக்குப் போன் போட்டு, நாற்பத்தொன்பதில் வார்த்த இன்ஜின் ஒன்றைப் பிடித்துவிட்டார்.

"நீ மத்தவங்களை வெளியே தள்றதே இதுக்குத்தானே?" ப்ரீஜ் அழாத குறையாகக் கேட்டாள்.

"நான் போலி பண்ணல. எங்கப்பா வண்டிக்கு எங்கப்பா காலத்து இன்ஜினைத் திருப்பிக் குடுக்கறேன்!"

சங்கிலி கட்டி, கப்பி போட்டு, வாய்க்கு வந்ததெல்லாம் பேசி, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினார். இறக்கிய இன்ஜின் ஒரே சுற்றில் கிளம்பிக்கொண்டிருந்த தங்கம். ஏற்றியது எண்ணெயை ஒழுகவிட்டது, கரும்புகையைக் கக்கியது, வாத்துகளை முற்றத்தைவிட்டே விரட்டியது.

"தேதி சரியா இருக்கு. ஓடுறதுதான் சரியா இல்ல" என்றாள் ப்ரீஜ்.

அத்தோடு விட்டிருக்கலாம். மாலக்கி சங்கத்துக்குப் போய், "வெளி மாவட்டத்துலேருந்து ஆளைக் கூப்பிடுங்க! ஊர்வலத்தன்னிக்கு எல்லார் முன்னாலயும் என் வண்டியைச் சோதிக்கட்டும்!" என்று மேஜையைக் குத்திவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. மேயோவிலிருந்து அட்ராக்டா என்ற அம்மாள் வந்திருந்தார். கையில் டார்ச்சு, பல் வைத்தியர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. வண்டிக்குக் கீழே படுத்தார், எழுந்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"கியர் பெட்டி ஐம்பத்திரண்டு. பின் அச்சு ஐம்பத்திரண்டு. ஸ்டீயரிங் பெட்டியும் ஐம்பத்திரண்டு. இன்ஜின் மட்டும் நாற்பத்தொன்பது. ஆனா இது இப்பத்தான் பூட்டினது. பெயின்ட் இன்னும் கையில ஒட்டுது. இதுல முன்னால இருந்த இன்ஜின் என்ன வருஷம்?"

மாலக்கி பூட்ஸைப் பார்த்துக்கொண்டு முனகினார். "ஐம்பத்திரண்டு."

"அடப் பாவி மனுஷா!" அட்ராக்டா நெற்றியில் அடித்துக்கொண்டார். "எல்லாம் ஒரே வருஷம்! நட்டுகூட மாறாத ஐம்பத்திரண்டு மாடல் இது. இப்படி ஒரு அசல் வண்டியை நான் பார்த்ததே இல்ல. அதை உங்க கையாலயே கெடுத்து வெச்சிருக்கீங்க. இதுல தப்பா இருந்தது இந்தத் தகடு ஒண்ணுதான். வேற வண்டித் தகட்டைக் கொண்டாந்து இதுல மாட்டியிருக்காங்க."

கூட்டத்தில் ஏனோ ஒருவரும் மாலக்கியின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதிரியார்கூட வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"எவன்டா என் வண்டித் தகட்டை மாத்தினவன்?" மாலக்கி ஒரே பாய்ச்சலில் போய் ஃபின்டனின் சட்டையைப் பிடித்துவிட்டார். "நீதான்டா! இல்லேன்னா இன்ஜின் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்? உங்கப்பா டிராக்டரைக் காயலான் கடைக்குப் போட்டுட்டு வந்து நிக்கிறவன்தானே நீ? உனக்கு அப்பன் அருமை என்னடா தெரியும்? எங்கப்பா வண்டியைக் கெடுத்துட்டியேடா, பாவி!"

ஃபின்டனின் உதடு துடித்தது. சாண்ட்விச் தட்டோடு நின்றிருந்த ப்ரீஜ், தட்டை அப்படியே புல்லில் வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

"அவன் சட்டையை விடு! நீ இடுப்பு ஆபரேஷனுக்கு டப்ளின்ல கிடந்தப்போ உங்கப்பா வண்டியை ஏரியில விட்டவ நான். நீ வந்து கத்துவியேன்னு நான் அழுததைப் பாத்து, தண்ணியில முங்கி அந்தத் தகட்டை மட்டும் கழட்டிட்டு வந்து, தன் அப்பா வண்டியில மாட்டி, மட்கார்டுல அதே பள்ளத்தையும் உதைச்சு வெச்சு, நம்ம கொட்டகையில நிறுத்தினவன் அவன்!"