ஐந்தரை மணி பஸ்ஸின் வேட்பாளர்

தோற்பதில் எனக்கு வெட்கமே கிடையாது. ஓசூர் நகராட்சியாக இருந்தபோது இரண்டு முறை தோற்றிருக்கிறேன். நடுவில் துணிந்து சட்டமன்றத்துக்கு நின்று ஒரு முறை. (அதில் விழுந்த ஓட்டைவிட என் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் அதிகம்.) ஆனால் ஊர் மாநகராட்சியான பிறகு வார்டில் நின்று தோற்றேனே, அதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. அதற்கு எதிரில்தான் முதல் ஷிப்டுக்கான கம்பெனி பஸ்கள் காலை ஐந்தரைக்கு வந்து நிற்கும். மழையோ பனியோ, இருநூறு பேர் அங்கே நிற்பார்கள். பாதிப் பேர் பெண்கள். ஒதுங்க ஒரு தகரக் கூரை கிடையாது. நிழற்குடை கேட்டு அப்போதிருந்த கவுன்சிலரிடம் மனு கொடுத்தேன். "பார்க்கலாம்" என்றார். பதவிக்காலம் முழுக்கப் பார்த்தார். அந்த ஆத்திரத்தில்தான் மறுபடி சுயேச்சையாக நின்றேன். என் நோட்டீசில் இருந்தது ஒரே வாக்குறுதி: நிழற்குடை.

தினமும் ஐந்து மணிக்கே பஸ் ஸ்டாப்பில் ஆஜர். கை கூப்பி, நோட்டீஸ் கொடுத்து, தொண்டை கட்டும்வரை பேசினேன். அவர்களும் என்னமாய்க் கேட்டார்கள்! மதுரைக்காரர் ஒருவர், "ஒங்களுக்குத்தேன்ணே" என்று தோளில் தட்டினார். திருநெல்வேலிப் பக்கத்து முருகேசன், மெஷின் ஷாப்பில் பத்து வருடமாக வேலை பார்ப்பவர், எனக்காகத் தொண்டை கிழியக் கோஷம் போட்டார். "அண்ணாச்சி, நீங்கதான் ஜெயிப்பீய. எழுதி வச்சிக்கிடுங்க" என்றார். நான் நிஜமாகவே டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன். (இளம் வயது என்று சாக்குச் சொல்ல முடியாது. அப்போது எனக்கு நாற்பத்தாறு.)

என் மனைவி மஞ்சுளா ராயக்கோட்டைக்காரி. தக்காளி மண்டி நடத்தும் குடும்பம், எடை போடாமல் எதையும் நம்பாது.

"ஏங்க, பழைய ஊர்த் தெருவுல ஒரு வூட்டுக்குக்கூட நீங்க போவலியே?"

"அங்கே எல்லாம் அவங்கவங்க சொந்தக்காரனுக்குப் போடுவாங்க. எனக்கு பஸ் ஸ்டாப்பே போதும்."

"வாக்காளர் பட்டியல் வாங்கியாந்தீங்களே, அதையாச்சும் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"நான் முகத்தைப் பார்த்து ஓட்டுக் கேட்கிறவன், மஞ்சு. பட்டியலைப் பார்த்துக் கேட்கிறவன் இல்லை."

இப்படி ஒரு வசனத்தைப் பேசிவிட்டு, அவள் அசந்து போவாள் என்று காத்திருந்தேன். அவள் குக்கர் விசிலை எண்ணப் போய்விட்டாள்.

வாக்குப்பதிவு நாள் வந்தது. கம்பெனிகள் லீவு விட்டிருந்தன. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டர் தள்ளி ஒரு புங்க மரத்தடியில் நின்றேன். எட்டு மணி, ஒன்பது மணி. பழைய ஊர்த் தெருக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். என் ஆட்களில் ஒருவரையும் காணோம். லீவு நாளில் தூங்குகிறார்கள், குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பதினோரு மணிக்குப் பொறுக்க முடியாமல் முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி! நான் ஊர்லல்லா இருக்கேன்! லீவு விட்டாங்கல்லா, பத்து மணி நேரப் பயணம்னு நேத்தே பஸ் ஏறிட்டோம்."

"அப்ப ஓட்டு?"

"போட்டாச்சு அண்ணாச்சி! காலைல மொத ஆளா நின்னு போட்டுட்டேன்."

"எங்கே போட்டீங்க?"

"இங்கதான். நமக்கு ஓட்டு ஊர்லல்லா இருக்கு. அங்க பஸ்சுக்கு நிக்கிற யாருக்கும் ஓசூர்ல ஓட்டுக் கெடையாதே, ஒங்களுக்குத் தெரியாதா? எங்க பேரூராட்சியிலயும் ஒருத்தரு சுயேச்சையா நிக்காரு. பாவம், ஒங்கள மாதிரியே நல்ல மனுசன். ஒங்கள நெனச்சுக்கிட்டு அவருக்குத்தான் குத்துனேன். எங்க தெருவையே போடச் சொல்லிட்டேன்!"

கேட்கிறேன், இது நியாயமா? பத்து வருடமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, இந்த ஊர்ச் சாக்கடையைத் தாண்டி, இந்த ஊர் மழையில் நனைகிறவர்களுக்கு இந்த ஊரில் ஓட்டு இல்லை. அதை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்ல ஒருவருக்காவது வாய் வந்ததா? ("நீங்க கேக்கவே இல்லியே" என்றாள் மஞ்சுளா. அவள் எந்தக் கட்சி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.)

பதறியடித்துக்கொண்டு பழைய ஊர்த் தெருவுக்கு ஓடினேன். ஓட்டுப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்த முனியப்பா என்ற பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனப்பா, யாரு நீ?"

"நான் வேட்பாளருங்க. நாலாவது தடவையா நிக்கிறேன்."

"அப்டியா? நாலு வாட்டி நின்னியா? ஒரு வாட்டிகூட எங்கூட்டுக்கு வர்லியே நீ."

என்னுடையதைச் சேர்க்காமல் எனக்கு விழுந்தது பதினேழு ஓட்டு. அந்தப் பதினேழு பேர் யார் என்று தெரிந்தால் காலில் விழுந்து கும்பிடுவேன். மஞ்சுளா அதில் ஒருத்தியா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுவாரமே பெயர் சேர்க்கும் படிவங்களை ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பெயரை இங்கே மாற்றுங்கள் என்று கத்தினேன். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. முருகேசன் என்னைத் தனியே கூட்டிப்போய், "அங்க பேர வெட்டிட்டா, நான் அந்த ஊர்க்காரன் இல்லன்னுல்லா ஆயிரும் அண்ணாச்சி" என்றார். படிவக் கட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. முருகேசன் ஊரில் நின்ற அந்தச் சுயேச்சை ஜெயித்துவிட்டார்! ஒரு வருடம் கழித்து முருகேசன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். நீலக் கூரை, சிமெண்ட் பெஞ்சு, மின்விசிறிகூட இருந்தது. கூடவே அவர் குரல்: "அண்ணாச்சி, நீங்க சொன்ன நிழற்குடை! ஒங்க நோட்டீச அவருகிட்ட அப்படியே குடுத்தேன், கட்டிப்புட்டாரு!"

இங்கே இன்னும் இருநூறு பேர் நனைந்துகொண்டுதான் நிற்கிறார்கள். அடுத்த தேர்தலிலும் நிற்பேன், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தப் படம் எங்கள் சொந்தபந்தம் எல்லார் போனுக்கும் போய்விட்டது. ஸ்கூட்டரில் போகும்போது மழை பிடித்துக்கொண்டால், பின்னால் உட்கார்ந்திருக்கும் மஞ்சுளா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் முதுகில் தட்டுவாள்.

"நிறுத்தாதீங்க, அப்படியே ஓட்டுங்க. பத்து மணி நேரத்துல நீங்க கட்டுன நிழற்குடைல ஒதுங்கிக்கலாம்."