ஏற்கெனவே வந்தவர்

அருவிப் பூங்காக்களில் குரங்குகளைவிட அதிகமாகக் காணப்படும் இனம் ஒன்று உண்டு. 'ஏற்கெனவே வந்தவர்' என்று பெயர். குரங்கு தின்பண்டத்தைத்தான் பிடுங்கும். இவர் அருவியையே பிடுங்கிவிடுவார்.

எங்கள் மாடிவீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ளவர்களையெல்லாம் பலகையைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி விற்பவர், தான் மட்டும் ஒரு பலகையையும் படிக்க மாட்டார். அவர் மனைவி கல்யாணமான நாளிலிருந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஓர் அருவியில் தலையை நனைக்க வேண்டும்.

"எங்க சங்கத்து டூர்ல வந்த இடம்தான். கண்ணக் கட்டி விட்டாலும் கூட்டிட்டுப் போவேன்" என்று அழைத்து வந்தார்.

வாசலில் வழிகாட்டிப் பலகை இருந்தது, அம்புக்குறி இருந்தது, போதாததற்கு அருவியே 'இங்கே இருக்கிறேன்' என்று இரைந்துகொண்டிருந்தது. மனிதர் லட்சியம் செய்தாரா? அதெல்லாம் முதல்முறை வருகிறவர்களுக்கு. நடைபாதையை விட்டு விலகி, முள்ளுக்குள் நுழைந்து, "போன தடவ இந்த மரம் அந்தப் பக்கம் இருந்துச்சே" என்று மரத்தின்மேல் பழி போட்டு, பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று காற்றை மோந்து பார்த்து, மனைவியையும் மகளையும் மைத்துனரையும் சுற்றோ சுற்றென்று சுற்ற வைத்தார்.

"மாமா, சத்தம் பின்னாடி கேக்குது" என்றார் மைத்துனர்.

"அது எதிரொலி மாப்ள. வந்தவனுக்குத்தான் தெரியும்."

கடைசியில் ஒரு புதரை விலக்கி, "இதோ" என்று கையை நீட்டினார். அங்கே அவர்களுடைய கார் நின்றுகொண்டிருந்தது. காவலர் விசில் ஊதி, பூங்காவை மூடப்போவதாகச் சொன்னார்.

மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. "உண்மையச் சொல்லுங்க. போன தடவ எந்த வழியா போனீங்க?"

"அன்னிக்குக் கால்ல சுளுக்கு. பஸ்ஸுலயே படுத்திருந்தேன். போய்ட்டு வந்தவங்க எல்லாம் விவரமா சொன்னாங்க."

அந்த அம்மாள் பைகளைக் கணவர் கையில் திணித்தார், செருப்பைக் கழற்றிக்கொண்டார், மகளையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு அம்புக்குறி காட்டிய பக்கம் ஓட்டமாய் ஓடினார்.

மூவரும் சொட்டச் சொட்ட நனைந்து, வாயெல்லாம் பல்லாகத் திரும்பியபோது, நம்மவர் காய்ந்த தலையோடு, தாமதமாக வந்து ஏமாந்து நின்ற ஒரு குடும்பத்துக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாங்க. பலகைய மட்டும் நம்பிடாதீங்க. நான் ரெண்டு தடவ வந்திருக்கேன்."

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். இந்தக் கதை எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டதா? அப்படியானால் பைகளை வாங்கிக்கொண்டு நீங்களும் அந்தக் காருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.