அமெரிக்க டிஸ்க், இந்தியக் குதிரை

வெள்ளிக்கிழமை காலை 6.40. கண் விழித்ததும் முதலில் தெரிந்தது டிவி திரையில் நின்ற ஒரு வரி: ‘பதிவிறக்கம் முடிந்தது.’ அக்கா வீட்டு சோபாவில் ஒருக்களித்துப் படுத்தபடியே அதை இரண்டு முறை படித்தேன். வாழ்க்கையில் ஒரு காரியத்தை உருப்படியாக முடித்த திருப்தி வந்தது. அது ஐம்பது நிமிடம் நீடித்தது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். எந்த நாட்டுக்குப் போகும் பெட்டியில் எந்த நாட்டு லேபிள் இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. டி-ஷர்ட் ஒன்றுதான். ஆனால் அமெரிக்கப் பெட்டியில் ஐரோப்பிய அளவு லேபிள் போனால் சரக்கு முழுவதும் சிக்கல். பதினோரு வருடத்தில் ஒரு பெட்டிகூட மாறிப் போனதில்லை. (கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.)

என் அக்கா மல்லிகா அதே கம்பெனியில் செக்கிங்; தைத்து வரும் துணியில் குறை பார்ப்பவள். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, முதல் சுற்று சிகிச்சை முடிந்து அவள் வீட்டில் இருந்தபோது, பொழுது போகட்டும் என்று என் வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். அவளுக்குப் பிடித்துப்போனது, பல வருடங்களாகப் பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கும் ஒரு தொடர். மலையூர்களுக்குக் குதிரையில் தபால் கொண்டுபோகும் பெண்ணின் கதை. அக்கா அதைச் செக்கிங் டேபிளில் நிற்பவள் போலவே விளையாடினாள்.

“டேய், இவ கோட்டுல தோள்பட்டைத் தையல் பிரிஞ்சிருக்குது பாரு. இது ரிஜெக்ட்.”

கடைசியாக வந்த பாகத்தை கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் அமெரிக்கா போனபோது அவளுக்காக வாங்கி வந்தார். அதன் முடிவில் வெள்ளம் வந்து பாலம் இடிகிறது. அந்தப் பெண் இக்கரைக்கு வந்துவிடுகிறாள். இடது பின்னங்கால் நொண்டும் குதிரை அக்கரையில் நிற்கிறது. திரை இருண்டு, பெயர்கள் ஓடின.

“அவ்வளவுதானா?” என்றாள் அக்கா.

பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத்தான் கோபம் அதிகம். “வாயில்லாச் சீவனை உட்டுப்போட்டு வந்துருக்கறா பாரு. இவளெல்லாம் ஒரு பொம்பளையா?”

சில மாதம் கழித்து டி.எல்.சி. வரும் என்று அறிவித்தார்கள். கதை முடிந்த பிறகு தனியாக விற்கும் கூடுதல் அத்தியாயம் அது. இணையத்தில் இறக்கி, கையிலிருக்கும் டிஸ்க்கோடு சேர்த்து ஆட வேண்டும். குதிரையைத் தேடிப் போகும் கதையாம். அது வெளியாகும் நாள் வியாழன். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக அக்காவைக் கோவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நாள் வெள்ளி. தனியறை. ஒரு மாதத்துக்குப் பார்வையாளர் கிடையாது, கேம் பெட்டியும் கிடையாது.

“அந்தக் குதிரை பொழைச்சுதான்னு மட்டும் பாத்துட்டுப் போயிர்றேன் கண்ணு” என்றாள். என்னிடம் அவள் எதையும் கேட்டு வாங்கியவள் அல்ல.

வியாழன் ராத்திரியே காசு கட்டி அதை இறக்கப் போட்டேன். வெள்ளி காலை 7.30. அக்கா குளித்துப் புறப்பட்டு, தலையில் துணி கட்டி, டிவி முன்னால் உட்கார்ந்தாள். அம்மா காபியோடு வந்தார். டிஸ்க்கைப் போட்டேன். பட்டியல் வந்தது. புதிய அத்தியாயம் அதில் இல்லை.

பெட்டியை அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். டிஸ்க்கைப் பனியன் நுனியால் துடைத்தேன் (எக்ஸ்போர்ட் தரம்தான்). கடைசியில் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிரபுவுக்குப் போன் போட்டேன்.

“டிஸ்க் எங்க வாங்குனதுங்கண்ணா?”

“அமெரிக்காவுல.”

“டி.எல்.சி.?”

“நம்ம இந்தியக் கணக்குலதான்.”

“டிஸ்க் எந்த நாட்டுதோ அந்த நாட்டுக் கடையிலதான் அதையும் வாங்கோணுமுங்கண்ணா. உறையிலயே போட்டிருக்குமுங்களே. நீங்க லேபிள் பாக்கலீங்களா?”

போன் ஸ்பீக்கரில் இருந்தது.

அக்கா உறையை வாங்கி, துணியில் ஓட்டை பார்ப்பது போல டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். “இதா இருக்குது, பொடி எழுத்துல. பேக்கிங் சூப்பர்வைசர் ஐயா கண்ணுக்குத்தான் படலையாக்கும்.” சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அம்மா முதுகைத் தடவிவிட்டார்.

“யூடியூப்ல யாராச்சும் போட்டிருப்பாங்கக்கா.”

“அடுத்தவன் ஓட்டுன குதிரை எனக்கெதுக்கு? நீ ஓட்டிப் பாத்துச் சொல்லு.”

வாசலில் கார் ஹாரன் அடித்தது. மாமா, அதாவது அக்காவின் கணவர், பையைத் தூக்கினார். “மாப்ள, நேரமாச்சு. குதிரை எங்கயும் போயிராது.”

அமெரிக்கக் கடையில் வாங்க அந்த நாட்டு கார்டு வேண்டுமாம்; அதைவிட இந்திய டிஸ்க் ஒன்று வாங்கினால் முடிந்தது. கடையில் கேட்டேன், சரக்கு தீர்ந்துவிட்டது, வரும் என்றார்கள். இரண்டாவது தடவையும் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை. கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம்.

பத்தொன்பதாம் நாள் அக்கா போனில் பேசினாள். குரல் மெலிந்திருந்தது.

“குதிரை கெடைச்சுதாடா?”

“கெடைச்சுருச்சுக்கா. ஆத்தோரமா நொண்டிக்கிட்டே வந்துச்சு.”

“எந்தக் கால்?”

“முன்னங்கால். வலது.”

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் சத்தம். அதற்கு நடுவே அவள் சிரிப்பது கேட்டது.

“இடது பின்னங்கால்டா. பொய்யைப் பேக் பண்றதுக்கு முன்னாலயும் லேபிள் பாத்துக்க சாமி.”

இருபத்தாறாம் நாள் அக்கா இறந்துபோனாள்.

அந்தக் கால் கதையை அக்கா மாமாவிடம் சொல்லியிருக்கிறாள்; அவர் அதை அம்மாவிடம் எப்போது சொன்னார் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் எடுபடுவதில்லை. சம்பளம் ஏறும் என்றாலும், சாப்பிட்டுவிட்டேன் என்றாலும், ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்றாலும், அடுப்படியிலிருந்து அம்மா கேட்பார்: “எந்தக் கால்?” சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பந்தியில் வைத்துக் கேட்கிறார்கள். மாமாவும் கேட்கிறார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வேறெங்காவது பார்ப்பார்.

போன மாதம் இந்திய டிஸ்க் கிடைத்தது. உறையின் முன்னும் பின்னும் மூன்று முறை பார்த்துத்தான் வாங்கினேன். கூடுதல் அத்தியாயம் மூன்று மணி நேரம் ஓடியது. அம்மா வெங்காயத் தட்டை மடியில் வைத்தபடி கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

குதிரை கிடைக்கிறது. நொண்டவில்லை.