உறைபனி நீக்கும் பொத்தான்

மனிதர்களில் பிரிட்ஜ்காரர் என்று ஓர் இனம் உண்டு. பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதில் சேர்த்தியில்லை. அதனோடு வந்த கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்து, பிறகு அதை வீட்டாருக்கும் படித்துக் காட்டுகிறாரே, அவர்தான்.

எங்கள் எதிர்வீட்டுக் கடிகாரம் பழுதுபார்ப்பவர் இந்த இனத்தின் உத்தம உதாரணம். பாலைக் கதவில் வைத்தால் குற்றம். சூடான பாத்திரத்தை உள்ளே வைத்தால் பெருங்குற்றம். எலுமிச்சம்பழத்துக்கும் உள்ளே நுழைந்த தேதி எழுதிய சீட்டு உண்டு. கதவு ஏழு விநாடிக்குமேல் திறந்திருக்கக் கூடாது. ஒருமுறை எட்டாவது விநாடியில் சாத்திவிட்டார். மருமகளின் கை உள்ளே இருந்தது. கதவை மூடினால் விளக்கு அணைகிறதா என்று அறிய, கைபேசியை உள்ளே வைத்துப் படமெடுத்து, அணைகிறது என்று மூன்று மாடிக்கும் அறிவித்தவர் அவர்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு பொத்தானை மட்டும் எட்டு மாதமாக அழுத்தவில்லை. உறைபனியை நீக்கும் பொத்தான். மேல் அறையில் பனி மலைபோல் வளர்ந்து, அதன் கதவு மூட மறுத்து, கீழ்த்தட்டில் முட்டைகள் கல்லாகிவிட்டன. மருமகள் விரலை நீட்டினால் குறுக்கே வந்து நின்றார்.

“மாமா, இருபத்திரெண்டாம் பக்கத்துல நீங்கதானே அடிக்கோடு போட்டிருக்கீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “உள்ள ஒரு ஐஸ் தட்டு இருக்கும்மா. உங்க அத்தை தண்ணி ஊத்தி வச்சது. வச்சுட்டு வந்துதான் படுத்தா.”

படுத்தவர் எழவில்லை. அது நடந்தும் எட்டு மாதம்தான் ஆகிறது.

மருமகள் மரக்கரண்டியால் ஒரு மணி நேரம் பனியைச் சுரண்டி, ஐஸ் உருகாமல் தட்டை வெளியே எடுத்து, கனத்த துண்டில் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். பின்னாலேயே அவர், விநாடிகளை எண்ணிக்கொண்டே. எங்கள் பிரிட்ஜில் மீன் பொட்டலத்தை இடம் மாற்றினார், பாலைக் கதவிலிருந்து இறக்கினார், தட்டை மேல் அறையில் மட்டமாக வைத்தார். பிறகுதான் மருமகள் போய் அந்தப் பொத்தானை அழுத்த அனுமதி கிடைத்தது.

பனி முழுதும் உருகி, பெட்டி மறுபடி குளிரும்வரை அவர் எங்கள் பிரிட்ஜுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எடுக்கப் போனால், “என்ன எடுக்கப் போறீங்க?” என்று கேட்டார். அன்று முழுதும் எங்கள் வீட்டில் நாங்கள் குழாய்த் தண்ணீர்தான் குடித்தோம். தட்டு பத்திரமாக வீடு திரும்பியது. ஒரு சொட்டும் குறையவில்லை என்று கேள்வி.

சிரிக்கிறீர்களா? நல்லது. சிரித்து முடித்ததும் உங்கள் பிரிட்ஜைத் திறந்து பாருங்கள். தின்ன முடியாததும் எறியக் கை வராததுமாக ஏதாவது உள்ளே இருக்கிறதா? இல்லையென்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். வலது மூலையில், அந்த நீல டப்பாவுக்குப் பின்னால்.