கும்பேலிப் பாஷை

"அப்பா! நீங்க இருந்த தீவுல பத்து வருசம் இருந்த வெள்ளைக்காரச் சாமியாரு நம்ம கோயிலுக்கு வந்திருக்காராம். நாளைக்கு நிச்சயதார்த்தத்துக்கு அவரையும் கூட்டிட்டு வாராகளாம்!"

சகாயசெல்வி இப்படி மூச்சிரைக்க வந்து சொன்னபோது இஞ்ஞாசியின் வாயில் பாதி இட்லி இருந்தது. அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மனிதர் முழித்தார்.

"யாரு கூட்டியாராக?"

"பாலசமுத்திரத்து மாமாதேன். நீங்களும் சாமியாரும் அந்தப் பாஷையில பேசுறத அவுக கேக்கணுமாம்."

மாமா என்றால் சந்தியாகு, அவளுக்கு மாமனாராகப் போகிறவர். தென்னந்தோப்புக்காரர், தங்கமான மனிதர். ஆனால் பொய் என்றால் ஆகவே ஆகாது. மூத்த மகனுக்குப் பார்த்த இடத்தில் பெண்ணின் வயதைக் குறைத்துச் சொன்னார்கள் என்று பாதிப் பந்தியில் எழுந்து வந்துவிட்ட ஆசாமி!

இஞ்ஞாசியை யுத்தத்தில் ஜப்பான்காரன் சிங்கப்பூரில் பிடித்து நியூகினித் தீவுக்குக் கொண்டுபோனது நிஜம். அங்கிருந்து தப்பி, கும்பேலி என்ற மலையூரில் சண்டை முடியும்வரை ஒளிந்திருந்ததும் நிஜம். "அவுக பாஷை எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று திண்டுக்கல் நாகல் நகர் முழுக்கப் பீற்றிக்கொண்டதுதான் சுத்தப் புளுகு. ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும், "ஒண்ணுக்கு லும்பா, ரெண்டுக்குக் கும்பா. மூணுக்குத் தனிப்பேரு கிடையாது, கும்பா லும்பாதேன்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இலக்கணப் பாடமே நடத்தியிருந்தார். சந்தியாகு வாயைப் பிளந்து கேட்டதும் இந்தப் பாடத்தைத்தான்.

மகள் உள்ளே போனதும் மனைவி செபமாலை பக்கத்தில் வந்தாள். வீட்டில் அவளுக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

"அவுக கூடவே கிடந்தீகளே, ஒரு சொல்லாவது காதுல விழுகலையா?"

"கவனிக்கலடி."

"எப்பிடிக் கவனிப்பீக? நீங்க இருக்குற எடத்துல அடுத்தவுக வாயத் தொறக்க வழி ஏது? பட்டாளத்துல இந்தி கத்துக்கிட்டீகளா? உங்க கூட இருந்த அந்தப் பஞ்சாபிக்காரரு நம்ம வீட்டுக்கு வந்தப்ப 'ஏலே அப்பு'ன்னுல்ல கூப்பிட்டாரு!"

"கல்யாணமே நிக்கப்போகுது, நீ வேற!"

"நிக்கட்டும், பாருங்க. ரெண்டு நாளா அந்தப் புள்ள தனியா உக்காந்து சிரிக்குது. அத அழுக வச்சீக, பெறகு நான் மனுசியா இருக்க மாட்டேன்."



மறுநாள் காலை சந்தியாகு வந்தபோது, இஞ்ஞாசி தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, என்னாச்சுங்க?"

"பல்லு வலி. வாயத் தொறக்க முடியல."

"அட, இதுக்குப் போயி கவலைப்படறீங்களே! எந்திரிங்க."

பிடித்த பிடியில் இழுத்துக்கொண்டு போய், தெருக்கோடியில் பல் வைத்தியம் பார்க்கும் பீர் முகமதுவிடம் நிறுத்திவிட்டார். எந்தப் பல் என்று கேட்டதற்கு, இஞ்ஞாசி ஏதோ ஒன்றைக் காட்டித் தொலைக்க வேண்டியதாயிற்று.

"இது இரும்பாட்டம் இருக்கே!" என்றார் பீர் முகமது.

"உள்ள கெட்டிருக்கும் பாய். புடுங்கிப் போடுங்க" என்றார் சந்தியாகு.

நல்ல பல் அலறலோடு வந்தது.

"இனித் தாராளமாப் பேசலாமுங்க!" என்று சந்தியாகு முதுகில் தட்டினார்.

வாய் நிறையப் பஞ்சோடு வீடு திரும்பினால், கூடத்தில் சாமியார் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு வந்து ஒரு நாள்தான் ஆகிறது, தமிழ் தெரியாது. இங்கிலீஷில் எடுத்துச் சொல்லப் பள்ளிக்கூடத்து அமலராணி டீச்சர் கூட வந்திருந்தாள். வந்ததிலிருந்து சாமியார் எதையோ யோசித்தபடி காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

இஞ்ஞாசி பஞ்சை ஒதுக்கிக்கொண்டு அடுத்த புளுகை எடுத்துவிட்டார். "கும்பேலியில ஒரு வழக்கம். சம்பந்தி காதுல விழுக அந்தப் பாஷையப் பேசப்படாது. பேசுனா உறவு அத்துப்போகும்."

டீச்சர் சாமியாரிடம் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

"கும்பேலியில இருந்த பத்து வருசத்துல அப்பிடி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லையாம்" என்றாள்.

சந்தியாகுவின் முகம் சுருங்கியது. "ஏனுங்க, ஒரே ஒரு வார்த்தை பேசிக் காட்டிருங்க."

இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டு, "கும்பா லும்பா" என்றார்.

சாமியார் திருதிருவென்று முழித்தார்.

அவ்வளவுதான். சந்தியாகு நிச்சயத்துக்குக் கொண்டுவந்த தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். உள்ளேயிருந்து சகாயசெல்வியின் விசும்பல் கேட்டது. அது காதில் விழுந்ததும் இஞ்ஞாசிக்குப் பல்லாவது, பஞ்சாவது! பஞ்சைப் பிடுங்கி எறிந்தார்.

"ஐயா, செத்த இருங்க! இம்புட்டுக்கா கோவம்? வெஞ்சனமெல்லாம் ஆக்கி வச்சிருக்கு, ஒரு வாய் சாப்பிட்டாச்சும் போங்க!"

சாமியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு துள்ளி எழுந்தார்.

"ஏலே அப்பு!" என்று கத்திக்கொண்டே வந்து இஞ்ஞாசியை மாரோடு கட்டிக்கொண்டார். "செத்த இரு! வெஞ்சனம் என்னா? இந்தா வாரேன்!"



"ஏனுங்க டீச்சர், சாமிக்குத் தமிழ் தெரியாதுன்னீங்க?" என்றார் சந்தியாகு.

டீச்சர் கேட்டாள். பதிலைக் கேட்கக் கேட்க அவள் கண் அகலமாகிக்கொண்டே போயிற்று.

"இது தமிழ்னே சாமிக்குத் தெரியாதாம்! கும்பேலிப் பாஷைன்னுதேன் படிச்சாராம். வினைச்சொல்லு கடைசியில வருமாம், 'நாம'ங்கிறது வேறயாம், 'நாங்க'ங்கிறது வேறயாம். உக்காந்து இலக்கணமே எழுதிப்புட்டாராம்!"

"அதெப்படிங்க? இது சுத்தத் திண்டுக்கல் பேச்சுங்களே! அத்தனை தொலைவுக்கு இது எப்படிங்க போச்சு?" சந்தியாகு தாம்பாளத்தை இன்னும் கீழே வைக்கவில்லை. "இவரு அங்க இருந்ததுக்கு என்னங்க அத்தாட்சி? பேரையாவது சொல்லிக் கேளுங்க, சாமி கேள்விப்பட்டிருக்காரான்னு."

டீச்சர் இஞ்ஞாசியைக் காட்டிப் பேரைச் சொன்னாள். சாமியார் ஒரு கணம் அவரையே பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சொன்னதைக் கேட்ட டீச்சரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு மனுசனுக்குப் போயி எதுக்கு இப்பிடிப் பேரு வச்சீங்கன்னு கேக்குறாரு. கும்பேலியில 'இஞ்ஞாசி'ன்னா 'வாய் ஓயாதவன்'னு அர்த்தமாம்!"